கையெழுத்து பேட்டும் கஸ்டம்ஸ் வரியும்: கிரிக்கெட் நினைவுப் பொருள் சேர்க்கத் தொடங்குவோருக்கு

உங்கள் அபிமான ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்ட பேட் ஒன்று வீட்டு ஹாலில் தொங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதா? சரி, வரட்டும். அது பர்ஸைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எந்தக் கடையில் என்ன விலை, எந்தக் காகிதம் கேட்பார்கள், எவன் எப்படித் தலையில் கட்டுவான் என்று நான் தொடங்கியபோது சொல்லித்தர ஆள் இல்லை. அலைந்து, பார்சலுக்காகக் காத்துக் கிடந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் இருப்பது சென்னை என்பதால் உதாரணங்களும் சென்னையைச் சுற்றியே வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னின் பச்சை டெஸ்ட் தொப்பி 2020 ஜனவரியில் 10,07,500 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. 2011 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் தோனி ஆடிய பேட் அதே ஆண்டு லண்டனில் 1,00,000 பவுண்டுக்குப் போனது. இரண்டுமே நற்பணிக்காக நடந்த ஏலங்கள். இதையெல்லாம் செய்தியில் படித்துவிட்டு "பத்து வருஷத்தில் என் பேட்டும்…" என்று கணக்குப் போடத் தொடங்கினால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு வேண்டாம். தங்க நாணயம் வாங்குங்கள், அது நிம்மதி.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"கிரிக்கெட் சம்பந்தப்பட்ட எல்லாமும்" என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் பரண் நிறையும், பெட்டியைத் திறந்து காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு ஆட்டக்காரர், ஒரு மைதானம், ஒரு தொடர், இல்லை ஒரே வகைப் பொருள் (டிக்கெட் மட்டும், பந்து மட்டும்) என்று வேலி போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மைதானமே நல்ல வேலி. சேப்பாக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு ஆயுளுக்குப் போதும். 1952 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் டை, 1988 ஜனவரியில் அறிமுக ஆட்டத்திலேயே ஹிர்வானி எடுத்த 16 விக்கெட், 2008இல் சேவாக் 319, 2016இல் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் உண்டு, மறுநாள் நாளிதழ் உண்டு, பத்திரிகைப் படம் உண்டு. தேடுவதற்கு ஒரு பட்டியல் கையில் இருந்தால் கண்டதை வாங்கும் கை தானாகக் கட்டுப்படும்.

2. முதல் சில மாதங்கள் மலிவானதையே தொடுங்கள்

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை நடந்து வாருங்கள். பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். 1978இல் தொடங்கிய பத்திரிகை அது. அதன் நடுப்பக்க போஸ்டர் ஒட்டாத விடுதிச் சுவர் அந்தக் காலத்தில் இல்லை. வாங்கும் முன் நடுப்பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்டேப்ளர் பின் குத்திய துளை மட்டும்தான் மிச்சமிருக்கும். நடுப்பக்கம் இல்லாத இதழுக்கு நடுப்பக்கம் உள்ள விலையைக் கொடுக்காதீர்கள். பேரம் பேசும்போது "கலெக்ஷனுக்கு" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்தால் போச்சு, விலை அங்கேயே இரட்டிப்பாகும்.

அடுத்தது தபால் தலை. விஜய் மெர்ச்சன்ட், சி.கே. நாயுடு, வினு மன்கட், தியோதர் ஆகியோருக்கு 1996இல் வந்தன. டெண்டுல்கருக்கு 2013 நவம்பர் 14 அன்று, 200வது டெஸ்ட் தொடங்கிய நாளில் வந்தது. அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் தபால் தலை சேகரிப்போருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புதிய வெளியீடுகளை அச்சிட்ட விலைக்கே வாங்கலாம், போலி பயமும் இல்லை.

டிக்கெட் விஷயத்தில் ஒரு வருத்தம். இப்போது பெரும்பாலான ஆட்டங்களுக்கு டிக்கெட் என்பது போனில் வரும் ஒரு கியூஆர் கோடு, ஆட்டம் முடிந்ததும் அதுவும் மறைந்துவிடும். 2023 உலகக்கோப்பைக்கு அச்சிட்ட டிக்கெட் கட்டாயமாக இருந்தது, அதை வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போன் டிக்கெட் மட்டும் உள்ள ஆட்டத்துக்குப் போனால் மறுநாள் நாளிதழை வாங்கிவிடுவதே வழி. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி உலகக்கோப்பை வென்றதே, மறுநாள் நாளிதழின் விலை என்ன? ஒரு டீக்காசு. ஆனால் அன்றைக்கே வாங்கினால்தான் உண்டு.

3. கையெழுத்துக்குப் போகும் பையில் என்ன இருக்க வேண்டும்

மலிவு சமாச்சாரம்தான், ஆனால் இதில் கோட்டை விட்டால் வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் கையெழுத்து வெறும் மைக் கறையாகிவிடும்.

பேட்டுக்குக் கறுப்பு நிரந்தர மார்க்கர். புது பேட்டின் முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதன்மேல் கையெழுத்து வாங்காதீர்கள். அந்தத் தாள் ஒருநாள் உரிந்து வரும், கையெழுத்தும் சேர்ந்தே வரும். சிவப்புப் பந்துக்கு வெள்ளி நிற மார்க்கர், வெள்ளைப் பந்துக்கு நீல பால்பாயின்ட் பேனா. புத்தம்புதுப் பந்தின் மெழுகுப் பளபளப்பில் மை நிற்காது, ஈரம் தொட்டாலே கரையும். முதலில் உலர்ந்த துணியால் நன்றாகத் தேயுங்கள். ஜெர்சிக்குத் துணி மார்க்கர், கூடவே உள்ளே செருக ஒரு அட்டை. இல்லையென்றால் மை முதுகுப் பக்கத்திலும் இறங்கும்.

செலவு: நல்ல மார்க்கர் ஒன்று நூறு ரூபாயைச் சுற்றி. கையெழுத்துக்கென்றே விற்கும் சின்ன பேட் சில நூறு ரூபாய். இந்தியாவில் டெஸ்ட் ஆடும் எஸ்.ஜி. நிறுவனப் பந்தே வேண்டும் என்றால் ஆயிரத்துக்கு மேல் எடுத்து வையுங்கள். இங்கிலீஷ் வில்லோ (விலை கூடிய மரம்) பேட் வாங்கி அதில் கையெழுத்து வாங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். சுவரில் தொங்கப் போவதற்கு காஷ்மீர் வில்லோ தாராளம்.

4. எங்கே, எப்போது போவது

ஐபிஎல் சமயத்தில் ஹோட்டல் வாசலில் நிற்பது வீண். காவலர் விரட்டுவார், கூட்டம் மிதிக்கும், பேருந்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொப்பி தெரியும், அவ்வளவுதான். மைதானத்துக்குள்ளும் பையை அனுமதிக்க மாட்டார்கள், மார்க்கரை வாயிலிலேயே பிடுங்கி வைத்தாலும் ஆச்சரியமில்லை.

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களுக்குப் போங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நடக்கும், நடுவில் வெள்ளைப் பந்துப் போட்டிகளுக்காக இடைவெளி விடுவார்கள். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சேப்பாக்கம், கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம் போன்ற இடங்களில் வார நாளில் போனால் பார்வையாளர்களைவிடக் காகம் அதிகமாக இருக்கும். இந்தியாவுக்கு ஆடிய ஒருவர் எல்லைக்கோட்டருகே சாவகாசமாக நடந்து போவார். ஆகஸ்ட், செப்டம்பரில் புச்சி பாபு தொடர், வெளிமாநில அணிகளையும் அழைத்து நடத்துவது. அதுபோக சென்னை முதல் டிவிஷன் லீக் ஆட்டங்கள். அங்கே வெளிமாநில நட்சத்திரங்களும் ஆடுவார்கள், அவர்களை அடையாளம் தெரிந்து வந்து நிற்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமாகக்கூட இருக்கலாம். டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வேண்டுமானால் திண்டுக்கல் நத்தம், திருநெல்வேலி, சேலம் மைதானங்கள். சென்னையைவிட அங்கே நெருங்குவது சுலபம்.

நேரம் முக்கியம். காலையில் பயிற்சிக்கு இறங்கும்போது கேட்காதீர்கள், அவுட்டாகித் திரும்பும்போது கேட்கவே கேட்காதீர்கள். அன்றைய ஆட்டம் முடிந்து பேருந்துக்கு நடக்கும் ஐந்து நிமிடம்தான் நம்முடையது. மார்க்கரின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்து, "அண்ணா, ஒரே ஒரு சைன்" என்று பொருளை நீட்டுங்கள். வயதில் மூத்தவர், பயிற்சியாளர் என்றால் சார். ஒரு ஆளுக்கு ஒரு பொருள். நாலு பந்தை நீட்டினால் நீங்கள் வியாபாரி என்று அவருக்குத் தெரிந்துவிடும், அடுத்தமுறை முகம் கொடுக்க மாட்டார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். பெயர் எழுதிய கையெழுத்துக்கு மறுவிற்பனை விலை குறையும் என்பார்கள். குறையட்டும், நாம்தான் விற்கப் போவதில்லையே. கூட வந்த நண்பரை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டக்காரர் கையில் உங்கள் பேட், பேனா முனை மரத்தின்மேல், இந்தக் கோணம் போதும். நாளைக்கு எந்தச் சான்றிதழும் இந்தப் படத்துக்கு ஈடாகாது.

கொஞ்சம் வேலி தாண்டி ஒரு யோசனை. சென்னையில் இருந்துகொண்டு சதுரங்கத்தை விட்டுவிடாதீர்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபின் அவரை நெருங்குவது கடினம்தான். ஆனால் 2023இலிருந்து நடக்கும் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போன்ற போட்டிகளுக்கு வரும் மற்ற கிராண்ட் மாஸ்டர்கள் நிதானமாக நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். சுருட்டக்கூடிய பலகை ஒன்று வாங்கி வெள்ளைக் கட்டங்களில் வரிசையாக வாங்கலாம், மொத்தம் முப்பத்திரண்டு இடம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடின் வேட்டி கட்டிய "தம்பி" பொம்மை யார் வீட்டிலாவது தூசியில் கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. காசு கொடுத்து வாங்கும்போது: போலியைப் பிடிப்பது

இங்கேதான் பணம் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பொறி, அச்சுக் கையெழுத்து. கடையில் விற்கும் பேட்டிலும் ஜெர்சியிலும் ஆட்டக்காரர் கையெழுத்தை அச்சிட்டே விற்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அதையே பழசாக்கி "ஒரிஜினல் சைன்" என்று விற்பதுதான் ஏமாற்று. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். காகிதத்தில் அச்சு என்றால் கோடு புள்ளிப் புள்ளியாகத் தெரியும். பேனா என்றால் கோட்டின்மேல் கோடு ஏறும் இடத்தில் மை அடர்ந்திருக்கும், எழுத்து முடியும் இடத்தில் வால் மெலிந்து போகும். பேட்டில் மரநார் வழியே மை மயிரிழை அளவுக்குக் கசிந்திருக்கும். பந்தில் தையலைத் தாண்டும் இடத்தில் கோடு தடுக்கி விழுந்திருக்கும். தையல்மேலும் வழுக்கிக்கொண்டு ஓடிய கையெழுத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது பொறி, அணி முழுவதும் கையெழுத்திட்ட பேட். இதைப் பிடிக்க லென்ஸ்கூட வேண்டாம், கிரிக்கெட் ஞாபகம் இருந்தால் போதும். "2016 சென்னை சூப்பர் கிங்ஸ் டீம் பேட்" என்று ஒருவர் காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். 2016, 2017 இரண்டு ஆண்டும் அந்த அணி தடையில் இருந்தது, ஆடவே இல்லை. 2018 அணி பேட்டில் அஸ்வின் கையெழுத்து இருந்தால்? அந்த ஆண்டு அவர் பஞ்சாப் கேப்டன். ஜெர்சி என்றால் மார்பில் உள்ள விளம்பரதாரர் பெயர் அந்த ஆண்டுக்குரியதா என்று அந்தத் தொடரின் ஒரு படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். எல்லாப் பெயரும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்றால் பதினைந்து பேரும் ஒரே ஆள்தான்.

மூன்றாவது பொறி, சான்றிதழ். தங்க எழுத்து, ஹாலோகிராம், நம்பகத்தன்மைச் சான்றிதழ் என்று ஒரு தாள் கூடவே வரும். அதை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: யார் முன்னிலையில் கையெழுத்தானது? எந்த நாள், எந்த இடம்? படமோ காணொளியோ உண்டா? உங்களுக்கு முன் யாரிடம் இருந்தது? அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் சான்றளித்ததாகச் சொன்னால் சான்றிதழ் எண்ணை வாங்கி அவர்கள் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் அங்கே குறிப்பிட்டிருக்கும் பொருளும் உங்கள் கையில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். நிஜ எண்ணைப் போலிப் பொருளில் ஒட்டுவதும் நடக்கிறது.

விற்பவர் "இன்னொருத்தர் கேட்டிருக்கார், இன்னிக்கே சொல்லணும்" என்றால் அந்த இன்னொருத்தருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பில் தர மாட்டேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியே மட்டும் அனுப்புங்கள். பொருளின் விவரத்தை விற்பவரிடமிருந்தே எழுத்தில் வரவழைத்து, அந்த உரையாடலைச் சேமித்து வையுங்கள்.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

பழைய நிகழ்ச்சி நிரல்கள், கையெழுத்துத் தாள்கள், புகைப்படங்கள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்தான் அதிகம் கிடைக்கின்றன. ஈபேயில் கிடைக்கும், ஏல நிறுவனங்களிலும் கிடைக்கும். ஆனால் திரையில் தெரியும் விலை வேறு, வீட்டு வாசலுக்கு வரும்போது ஆகும் விலை வேறு.

ஒரு பொருளை 100 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனம் வாங்குவோர் கட்டணம் என்று 20 முதல் 25 சதவீதம் சேர்க்கும். பேட் அளவுப் பெட்டி என்றால் அனுப்பும் செலவு 30 பவுண்டாவது ஆகும். உங்கள் கார்டு வங்கி அந்நியச் செலாவணிக்கென்று 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும். இதற்குப் பிறகுதான் சுங்க வரி. அது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குக் கணக்கிடுவார்கள். அடிப்படை வரி, அதன்மேல் கூடுதல் வரி, எல்லாவற்றின்மேலும் ஜிஎஸ்டி. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் பழைய பதிவுகளில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், வாங்கும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு என்று கூரியர் ஒரு கட்டணம் போடும். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: ஏல விலையைப் போல இரண்டு மடங்கு கையில் இல்லையென்றால் ஏலத்தில் கேட்பதே இல்லை.

ஆவணங்கள்: ஆதார், பான் அல்லது பாஸ்போர்ட் நகல், விற்றவர் தந்த இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கிப் பதிவு, ஈபே என்றால் அந்தப் பக்கத்தின் படம். இவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் செய்து பணம் கட்டிய அன்றே தயாராக வையுங்கள். பார்சல் வந்தபின் தேடத் தொடங்கினால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது முன்னெழுத்து (இனிஷியல்). ஆதாரில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், கார்டில் அப்பா பெயரைப் பின்னால் போட்டு இன்னொரு பெயர், ஈபே கணக்கில் செல்லப்பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு கூரியர் வாடிக்கையாளர் சேவைக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் வேறொருவர் போனை எடுப்பார், கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரை எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள்.

இன்வாய்ஸில் வெறுமனே "பேட்" என்று எழுத விடாதீர்கள். "கையெழுத்திட்ட பழைய கிரிக்கெட் பேட், சேகரிப்புக்கு, சொந்த உபயோகம், எண்ணிக்கை ஒன்று" என்ற பொருள்பட எழுதச் சொல்லுங்கள். சில விற்பனையாளர்கள் நல்லெண்ணத்தில் "பரிசு என்று போடட்டுமா, விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிசு என்று எழுதியதால் வரி போய்விடாது. குறைத்துப் போட்டது பிடிபட்டால் அபராதம், வழியில் தொலைந்தாலோ அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்து வையுங்கள். 2020 அக்டோபருக்குப் பின் வந்த புதுக் கார்டுகளில் அது மூடியே வரும். ஏலம் எடுத்துவிட்டுப் பணம் போகாமல் முழிப்பது தர்மசங்கடம்.

காலம்: கூரியர் என்றால் ஆவணம் சரியாக இருந்தால் ஓரிரு வாரம். சாதாரண அஞ்சல் என்றால் மாதக்கணக்கிலும் ஆகலாம், வரித்தொகையைத் தபால்காரரிடமே கட்டலாம். மகனின் பிறந்தநாளுக்கு என்று நாள் குறித்து வரவழைக்காதீர்கள்.

7. நூறு வயதைத் தாண்டிய பொருள்

இந்தியாவுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் கையில் கிடைத்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம். கையால் எழுதிய பழைய நூல், ஆவணங்களுக்கு எழுபத்தைந்து ஆண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட பொருளை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான் அனுப்பலாம். சமஸ்தானக் காலத்து வெள்ளிக் கோப்பை என்று யாராவது சொன்னால் முதலில் தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள்.

8. சென்னைப் புழுக்கத்தில் காப்பாற்றுவது

டிக்கெட்டை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் திரும்ப எடுக்க முடியாத சேதம். ரசீதுத் தாளில் அடித்த டிக்கெட் தானாகவே வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஸ்கேன் எடுங்கள். காகிதங்களுக்கு அமிலமில்லாத உறை, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை திறந்து காற்று. கையெழுத்திட்ட பேட்டுக்கு எண்ணெய் பூசவே கூடாது.

கண்ணாடிச் சட்டம் (ஃபிரேம்) போடுகிறவரிடம் கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள், ஜெர்சியைப் பசை போட்டு ஒட்டாமல் நூலால் தைக்கச் சொல்லுங்கள். ஆழமான பெட்டிச் சட்டத்துக்குச் சில ஆயிரம் ஆகும், பல நேரம் உள்ளே இருக்கும் பொருளைவிட அதிகம். மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம். மார்க்கர் மை இரண்டே கோடையில் பழுப்பாகிவிடும்.

9. எழுதி வையுங்கள்

வென்ற ஆட்டத்தின் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போவது தோனியின் பழக்கமாக இருந்தது. எது எந்த ஆட்டத்து ஸ்டம்ப் என்று குறித்து வைக்கவில்லை, ஓய்வுக்குப்பின் பழைய ஆட்டங்களைப் போட்டு ஸ்டம்பில் உள்ள விளம்பரத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு அது பொழுதுபோக்கு. நம் வீட்டு ஸ்டம்பைக் கண்டுபிடிக்க ஒளிபரப்புக் காட்சி இருக்காது.

ஒரு நோட்டு போதும். பொருள், தேதி, இடம், யாரிடமிருந்து, எவ்வளவு, எந்த ஆட்டம். பில்லும் சுங்க ரசீதும் அதே எண் போட்ட உறையில். காகிதப் பொருளின் பின்புறம் பென்சிலால் மட்டும் அந்த எண்ணை எழுதுங்கள். விலையுயர்ந்தது சேர்ந்துவிட்டால் வீட்டுக் காப்பீட்டில் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் முதலில் கேட்பதும் இந்த ரசீதுகளைத்தான்.

10. மாற்றிக்கொள்ளும்போது

ஒரே பொருள் இரண்டு சேர்ந்துவிட்டால் விற்பதைவிட இன்னொரு சேகரிப்பாளரிடம் மாற்றிக்கொள்வது லாபம். நேரில் சந்தித்தால் பகலில், டீக்கடை மாதிரி நாலு பேர் இருக்கும் இடத்தில். அஞ்சலில் என்றால் போஸ்டரைக் கெட்டிக் குழாயில் சுருட்டி, இரு முனையிலும் பஞ்சு வைத்து, காப்பீட்டோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பெட்டியின் வெளியே "கையெழுத்து பேட்" என்று எழுதாதீர்கள், "விளையாட்டுச் சாமான்" போதும். ஒட்டுவதற்கு முன்பு திறந்த பெட்டியை ஒரு படம் எடுத்து எதிராளிக்கு அனுப்பிவிடுங்கள், அவரையும் அதேபோல் அனுப்பச் சொல்லுங்கள்.